குடத்துக்குள் கொழுத்த மீன்

லாரி வந்து நின்றுவிட்டது.

தெருக்கோடியில் பாதி எழும்பி நிற்கும் மாடி வீட்டை ஒட்டி, தகரக் கொட்டகைகளின் வாசலை அடைத்துக்கொண்டு, பின்கதவைத் தொங்கவிட்டபடி நின்றது. இருட்டுவதற்குள் கொட்டகையைப் பிரித்து, மேஸ்திரி, அவர் மனைவி, கூட வேலை செய்யும் ஆட்கள், சட்டி பானை எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு கண்காணாமல் போய்விட வேண்டும். கட்டட முதலாளிக்குத் தெரு நலச் சங்கம் போட்ட உத்தரவு அது. தெருவில் மலேரியா வந்த வீடுகள் கூடிக்கொண்டே போகின்றன. கொண்டு வந்தவர்கள் இவர்கள்தான். ஆகவே கிளம்பட்டும். கணக்கு அவ்வளவு சுலபம்.

இந்தக் கணக்கைப் போட்டுக் கொடுத்தது யார் என்று கேட்டால் தெரு மொத்தமும் ஒரே திசையில் கை காட்டும். புழு மேடம்.

நகராட்சியில் கொசு ஒழிப்பு ஆய்வாளர் அவள். அடுத்தவர் வீட்டுத் தொட்டியையெல்லாம் எட்டி எட்டிப் பார்த்துக் கொசுப்புழு தேடுகிறவள் என்பதால் அந்தப் பெயர். குடியிருப்பதும் இதே தெருவில்தான். போன வாரம் சங்கக் கூட்டத்துக்கு அவளைக் கூப்பிட்டு நாற்காலி போட்டு உட்கார வைத்து, இந்தக் காய்ச்சல் எங்கிருந்து வருகிறது என்று சங்கத்துச் செக்ரட்டரி கேட்டார். அவளுக்கு வீட்டுக்குப் போகிற அவசரம். புதிதாக வந்து தங்கியிருப்பவர்கள் பக்கம் முதலில் பார்க்க வேண்டும் என்றாள். பார்க்க வேண்டும் என்றுதான் சொன்னாள். ஆனால் சொன்ன மாத்திரத்தில் அறை முழுக்கக் கைதட்டல். அவர்கள் வேறு மாதிரி புரிந்துகொண்டார்கள் என்பது அந்தக் கைதட்டலிலேயே அவளுக்குத் தெரிந்தது. திருத்தியிருக்கலாம். திருத்தவில்லை. கைதட்டல் யாருக்குத்தான் கசக்கும்.

அந்தக் கைதட்டல்தான் இப்போது லாரியாக வந்து நிற்கிறது. அது கிளம்புவதற்குள், தான் சொன்னது சரிதானா என்று பார்த்துவிட வந்திருந்தாள் அவள்.

"மேடம், லாரிக்காரன் டீ குடிக்கப் போயிருக்கான்," என்றார் புகையண்ணன். "ஒரு டீயில ஆரம்பிச்சா சாயங்காலம்தான் வருவான். அதுவரைக்கும் நமக்கு ஆயுசு."

புகையண்ணன் அவளுடைய உதவியாளர். தோளில் இயந்திரத்தை மாட்டிக்கொண்டு தெருத்தெருவாக மருந்துப்புகை அடிக்கிறவர். அவர் தலை நரைத்ததா, புகை படிந்ததா என்று அவர் வீட்டம்மாவுக்கே சந்தேகம். வேலையைப் பொறுத்தவரை அவர் வாய் ஓயாது, கை தாமதிக்காது. இன்றைக்கு இயந்திரத்தை வீட்டில் வைத்துவிட்டு, நீளக் கைப்பிடி போட்ட வெள்ளைக் கரண்டியோடு வந்திருந்தார். தண்ணீரை மொண்டு பார்த்தால் புழு பளிச்சென்று தெரிவதற்காக வெள்ளை.

முதல் குற்றவாளி சாக்கடை. கொட்டகைக்குப் பின்னால் கறுப்பாக ஓடியது. தெருவே மூக்கைப் பிடித்துக்கொண்டு அதைத்தான் திட்டிக்கொண்டிருந்தது. புகையண்ணன் மொண்டு நீட்டினார். கரண்டியில் புழுக்கள் நெளிந்தன. எல்லாம் தலைகீழாகத் தொங்கின, வால் நுனிக் குழாயை மட்டும் தண்ணீருக்கு மேலே நீட்டி மூச்சு வாங்கிக்கொண்டு.

"தொங்குது," என்றார் புகையண்ணன். "சர்க்கஸ் கோஷ்டி. நம்ம ஆளு இல்ல. இவனுங்களை விட்டுடலாமா?"

விட்டுவிட வேண்டியதுதான். மலேரியாக் கொசுவின் புழுவுக்கு அந்தக் குழாய் கிடையாது. நீர்மட்டத்தோடு ஒட்டி, குளத்தில் மிதக்கிற குச்சி மாதிரி படுத்துக் கிடக்கும். அதைவிட முக்கியம், அதன் அம்மாவுக்குச் சாக்கடை பிடிக்காது. தெளிந்த தண்ணீர் வேண்டும், அலையடிக்காத தண்ணீர் வேண்டும். குடிக்கிற தண்ணீரில் நாம் என்னென்ன எதிர்பார்க்கிறோமோ அத்தனையையும் அதுவும் எதிர்பார்க்கும். சாக்கடையில் முட்டை போடுவது அதற்குக் கௌரவக் குறைச்சல்.

இரண்டாவது குற்றவாளி மொட்டைமாடி. புதிதாகப் போட்ட கான்கிரீட் தளம் வெடிக்காமல் இருப்பதற்காக, அதன் மேல் சிமெண்டால் சின்னச் சின்ன வரப்பு கட்டித் தண்ணீரைத் தேக்கி வைப்பது கட்டட வேலைக்காரர்களின் வழக்கம். வெயில் படும், தெளிவாக இருக்கும், ஒருத்தரும் தொந்தரவு செய்ய மாட்டார்கள். மலேரியாக் கொசுவுக்கு அது மாமியார் வீடு மாதிரி. அவள் ஏணியில் ஏறும்போது மனசுக்குள் ஒரு வேண்டுதல் ஓடியது. அங்கே புழு இருக்கட்டும், நிறைய இருக்கட்டும். அப்போது அவள் சொன்னது உண்மையாகிவிடும், லாரியும் நியாயமாகிவிடும். பாதி ஏணியில்தான் தன் வேண்டுதல் என்ன என்பது அவளுக்கே உறைத்தது. கீழே ஒரு குடும்பம் பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறது, இவள் மேலே போய்ப் புழுவுக்காகச் சாமி கும்பிடுகிறாள். காது மடல் சூடாகிவிட்டது.

மாடியில் தண்ணீரே இல்லை. தளம் முழுக்க ஈரச்சாக்கு விரித்திருந்தது. வரப்பு கட்டித் தேக்கவில்லையா என்று புகையண்ணன் மேலேயிருந்தே குரல் கொடுத்துக் கேட்டார். தேக்குகிற அளவுக்குத் தண்ணீர் எங்கே இருக்கிறது, சாக்கை நனைத்துப் போட்டுத்தான் ஒப்பேற்றுகிறோம் என்று கீழேயிருந்து மேஸ்திரியின் பதில் வந்தது. வேலை தொடங்கிய நாளிலேயே, கொட்டகைக்காரர்களுக்கு யாரும் தண்ணீர் கொடுக்கக் கூடாது, கொடுத்தால் இங்கேயே வேரூன்றிவிடுவார்கள் என்று சங்கம் பேசி வைத்திருந்தது. அந்தக் கூட்டத்திலும் அவளுக்கு நாற்காலி போட்டிருந்தார்கள்.

"தண்ணி தேக்கி வெச்சுக் கொசு வளர்த்தாங்கன்னு கேஸு," என்றார் புகையண்ணன் இறங்கும்போது. "குற்றவாளிக்குக் கால் கழுவவே தண்ணி இல்ல. நல்ல கேஸ் மேடம் இது."

அவள் சிரிக்கவில்லை.

மேஸ்திரியின் மனைவிதான் கொட்டகையில் காய்ச்சல் கண்டவள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் தூக்கித் தூக்கிப் போட்டு உதறியெடுத்த காய்ச்சல் அது. சுகாதார நிலையத்தில் மாத்திரை கொடுத்திருந்தார்கள், பாதிகூட முடியவில்லை. லாரி எந்த ஊரில் கொண்டு போய் இறக்குமோ, அங்கே மீதி மாத்திரையை யார் கொடுப்பார்களோ. இருந்தாலும் ஆய்வாளரைப் பார்த்ததும் எழுந்து, கட்டி வைத்த மூட்டையைப் பிரித்து, உள்ளேயிருந்த ஒரே முக்காலியை எடுத்துத் துடைத்துப் போட்டாள். உட்காருங்க மேடம் என்றாள். புழு மேடத்துக்கு அந்த முக்காலியில் உட்காரக் கூச்சம். நின்றுகொண்டே, தண்ணீர்க் குடத்தைப் பார்க்கலாமா என்று கேட்டாள்.

இருந்தது ஒரே ஒரு குடம். அதன் வாயைத் துணியால் மூடியிருந்தாள். துணியை விலக்கி, புகையண்ணன் பையிலிருந்த வேறு சுத்தமான கரண்டியை விட்டார். வெளியே வந்த தண்ணீரில் ஒரு புழு. தொங்கவில்லை. சாவகாசமாகப் படுத்துக் கிடந்தது.

"வந்துட்டார்யா ஐயா," என்றார் புகையண்ணன் மெதுவாக.

அவள் கரண்டியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். நன்றாக வளர்ந்த புழு, சீக்கிரத்தில் கூட்டுப்புழுவாகி, கொசுவாகிப் பறந்துவிடும். குடத்தை எப்போது நிரப்பினாய் என்று கேட்டாள். இன்றைக்குத்தான், விடிவதற்கு முன்னால், காய்ச்சல் விட்ட நாள் என்பதால் நானே போய் எடுத்து வந்தேன் என்றாள் மேஸ்திரியின் மனைவி.

"அப்போ கேஸ் முடிஞ்சுது," என்று ஆரம்பித்த புகையண்ணன் பாதியில் நிறுத்தினார்.

"முடியல அண்ணே," என்றாள் புழு மேடம். "காலையில பிடிச்ச தண்ணி. இது ஒரு வாரமாவது வளர்ந்த புழு. குடத்துல பொறந்தது இல்ல, தண்ணியோட வந்தது."

எங்கிருந்து எடுத்தாய் என்று கேட்டபோதுதான் அந்தப் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஒரு இடத்தில் என்றாள். தெரிந்த இடம்தான் என்றாள். கொடுத்தவர் யார் என்று சொன்னால் அவருக்குச் சங்கத்தில் பேச்சு வாங்க வேண்டிவரும் மேடம், கேட்காதீங்க என்றாள். பெட்டி கட்டிக்கொண்டிருக்கிற நிலைமையிலும், தண்ணீர் கொடுத்தவரைக் காட்டிக்கொடுக்க மாட்டேன் என்கிறாள். புழு மேடத்துக்குக் கேள்வியை அழுத்திக் கேட்க வாய் வரவில்லை.

புகையண்ணன் கரண்டியை வாங்கி, புழுவை ஒரு தட்டில் ஊற்றி வைத்துவிட்டு, குடத்துக்குள் இன்னொரு தடவை விட்டார். இந்தத் தடவை ஒரு மீன் வந்தது.

சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத மீன். வயிறு மட்டும் உப்பி, கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டுத் திண்டில் சாய்ந்தவர் மாதிரி அசையாமல் நின்றது. அது வாளியோட வந்துடுச்சுங்க, பாவம், திருப்பிக் கொண்டுபோய் விடலாம்னு வெச்சிருக்கேன் என்றாள் மேஸ்திரியின் மனைவி.

புழுவையும் மீனையும் ஒரே கரண்டியில் சேர்த்துவிட்டார் புகையண்ணன். கொசுப்புழுவைத் தின்பதற்கென்றே கிணறுகளில் விடுகிற ஜாதி மீன் அது. கண்ணில் புழு பட்டால் பாய்ந்து விழுங்கும். புழு அதன் மூக்குக்கு நேரே போய் நெளிந்தது. மீன் பார்த்தது. கொஞ்சம் நகர்ந்து வழி விட்டது.

"என்னய்யா, டூட்டியில இல்லையா?" என்று மீனைக் கேட்டார் புகையண்ணன். "மேடம், போலீஸ்காரர் மாமூல் வாங்கிட்டார். நல்லா வாங்கிட்டார், தொப்பையைப் பாருங்க. இந்தத் தெருவுல நாம எந்தக் கிணத்துல மீன் விட்…"

வாக்கியம் அங்கேயே நின்றது. அந்த மீன்களை மீன் பண்ணையிலிருந்து பிளாஸ்டிக் பையில் தூக்கி வந்தவரே அவர்தான். தெருவில் மீன் விட்ட கிணறு ஒன்றே ஒன்று. அவ்வளவு வாயாடியான மனுஷன் கரண்டியை மெதுவாகக் குடத்துக்குள் சாய்த்துவிட்டு, தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அது அவளுக்கு ஆயிரம் பேச்சுக்குச் சமமாக இருந்தது.

புழு மேடத்தின் வீடு தெருவின் நடுவில். கொல்லையில் கிணறு. அது சாதாரணக் கிணறு இல்லை, மாதிரிக் கிணறு. மேலே கொசு நுழையாதபடி கண்ணி நெருக்கமான வலை, உள்ளே புழு தின்னும் மீன். செக்ரட்டரியே வந்து, அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போனார். எல்லார் வீட்டுத் தொட்டியிலும் கரண்டி விட்ட புழு மேடம், இந்த ஒரு கிணற்றில் மட்டும் கரண்டி விட்டதில்லை. மீன்தான் இருக்கிறதே.

கொல்லைக் கதவைத் திறந்ததும் தெரிந்தது. வலை சுருட்டப்பட்டு ஓரமாகக் கிடந்தது. கிணற்று மேடையில் மாமா உட்கார்ந்திருந்தார், மடியில் பிஸ்கட் டப்பா.

மாமா என்றால் அவளுடைய மாமனார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மகன் வேலைக்காக வெளியூரில், மருமகள் கொசு பின்னாலேயே அலைகிறாள், பேச்சுத் துணைக்கு வீட்டில் ஆள் இல்லை. மருமகளைப் பார்த்ததும் டப்பாவை மறைக்கவில்லை. முகமெல்லாம் சிரிப்பாக, எட்டிப் பாரும்மா என்றார்.

"எப்படி வளர்ந்திருக்கு பாத்தியா. விசில் அடிச்சா எல்லாம் மேல வந்துடும்."

"வலையை யார் மாமா எடுத்தது?"

"நான்தான். வலை போட்டா பிஸ்கட் எப்படிம்மா உள்ள போகும்?" என்றார். பிறகு, கொஞ்சம் குறைப்பட்டுக்கொள்கிற குரலில்: "நீ கொண்டு வந்து விட்டுட்டுப் போயிட்ட. அதுங்க சாப்பிட்டுச்சான்னு ஒரு நாளாவது கேட்டியா?"

அவள் கிணற்றடிக்குப் போனாள். வாளியை இறக்கி, தண்ணீரை இழுத்து, கரண்டியில் ஊற்றி அவர் மூக்குக்கண்ணாடிக்கு முன்னால் பிடித்தாள். ஒன்றில்லை, இரண்டில்லை. குச்சி குச்சியாக, படுத்த படுக்கையாக, கரண்டி முழுக்க.

"அதுங்களோட சாப்பாடே இதுதான் மாமா. பசிச்சாத்தான் தின்னும்."

மாமா கரண்டியைப் பார்த்தார். பஸ்ஸில் டிக்கெட் வாங்காமல் ஒரு ஆளை ஏற்றியதில்லை என்று பெருமையடிக்கிறவர். டப்பாவின் மூடியை எடுத்து மூடினார். மூடி சரியாக உட்காரவில்லை. மறுபடி அழுத்தினார். அப்புறம் அவருக்கு இன்னொன்று தோன்றிவிட்டது. தோன்றியது முகத்தில் அப்படியே தெரிந்தது.

கொட்டகைப் பெண்ணுக்குத் தண்ணீர் கொடுத்தது அவர்தான். குடிக்கத் தண்ணீர் இல்லை என்று அவள் தெருவில் நின்றதைப் பார்த்துவிட்டு, சங்கத்துக்குத் தெரியாமல், மருமகளுக்கும் தெரியாமல், கொல்லைக் கதவைத் திறந்துவிட்டிருக்கிறார்.

"யார் கண்ணுலயும் படாம இருட்டின பிறகு வா, இல்லேன்னா விடியறதுக்கு முன்னாடி வான்னு நான்தாம்மா சொன்னேன்," என்றார். "தண்ணி சேந்தற நேரத்துல கொசு கடிக்குதுங்க ஐயான்னு அந்தப் பொண்ணு ஒரு தடவை சொல்லிச்சு. நான் சிரிச்சேன்."

மலேரியாக் கொசு கடிக்கிற நேரமும் அதுதான், இருட்டின பிறகு, விடிவதற்கு முன். யாரோ ஒருத்தர் ரத்தத்தில் அந்தக் காய்ச்சல் எங்கிருந்தோ வந்திருக்கும், யார் என்று யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் ஒருத்தரிடமிருந்து இன்னொருத்தருக்கு அது நடந்து போகாது, கொசு சுமந்துதான் போக வேண்டும். சுமந்த கொசு பிறந்த வீடு இது. காய்ச்சல் வந்த வீடுகளை அவள் மனசுக்குள் ஒரு தடவை சுற்றி வந்தாள். வலது பக்கத்து வீடு, இடது பக்கத்து வீடு, கொல்லைக்குப் பின்னால் இரண்டு வீடு. நடுவில் இவள் வீட்டில் மட்டும் ஒருத்தருக்கும் இல்லை. அதைக்கூட அவள் பெருமையாகத்தான் நினைத்திருந்தாள். இரண்டு கட்டிலுக்கும் கொசுவலை கட்டியிருந்ததால், வீட்டுக் கொசு பக்கத்து வீட்டுக்குச் சாப்பிடப் போயிருக்கிறது.

புகையண்ணன் வாசல்படியிலேயே நின்றிருந்தார். உள்ளே வந்து, தணிந்த குரலில், கிண்டல் ஒரு துளி இல்லாமல் சொன்னார்.

"மேடம், மருந்து பையில இருக்கு. இப்பவே கிணத்துல ஊத்திடறேன், வலையை இழுத்துக் கட்டிடலாம். நம்ம மூணு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது. காய்ச்சலும் தானா நின்னுடும்."

"லாரி?"

அவர் பையின் வாரைச் சரிசெய்துகொண்டார்.

உடனே வேண்டாம் என்று சொல்லிவிட்டாள் என்று எழுதினால் அழகாக இருக்கும். ஆனால் அவள் உடனே சொல்லவில்லை. யோசித்தாள். அந்தப் போட்டோ, அந்தக் கைதட்டல், நாளைக்கு எந்த முகத்தை வைத்துக்கொண்டு அடுத்தவர் தொட்டியில் கரண்டி விடுவது என்கிற கவலை, எல்லாவற்றையும் யோசித்தாள். லாரி போய்விட்டால் காய்ச்சலும் அதோடு போனதாகத் தெரு சொல்லிக்கொள்ளும், இவள் புத்திசாலித்தனத்துக்கு இன்னொரு கைதட்டல்கூடக் கிடைக்கும் என்கிற வரைக்கும் அந்த யோசனை போனது. அங்கே போய் முட்டிக்கொண்டு நின்றபோது அவளுக்குக் கிணற்றில் தன் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

நான் போய்ச் சொல்கிறேன், பிஸ்கட் போட்டது நான்தானே என்று மாமா எழுந்தார்.

"நீங்க உட்காருங்க மாமா," என்றாள். "மீனை விட்டுட்டுத் திரும்பிக்கூடப் பாக்காதது நான். நீங்க பசிக்குமேன்னு பாத்தீங்க."

கரண்டியில் தண்ணீர் தளும்பாமல் தெருவில் நடந்து போனாள். இத்தனை நாள் நடந்த தெரு அன்றைக்கு நீண்டுகொண்டே போனது.

லாரிக்காரன் டீயை முடித்து வந்துவிட்டான். தகரம் ஒன்றொன்றாக ஏறிக்கொண்டிருந்தது. செக்ரட்டரியும் சங்கத்து ஆட்களும் மேற்பார்வைக்கு நின்றார்கள். புழு மேடம் கரண்டியை நீட்டினாள். இது மலேரியாக் கொசுவின் புழு என்றாள். கொட்டகைக் குடத்தில் பிடித்ததா என்று ஆவலாகக் கேட்டார் செக்ரட்டரி.

"என் வீட்டுக் கிணத்துல," என்றாள் அவள். எல்லாருக்கும் கேட்கட்டும் என்று இன்னும் உரக்கச் சொன்னாள். "நீங்க போட்டோ எடுத்தீங்களே, அதுல. இவங்க கொண்டு வரல. இவங்களுக்கு வந்ததே எங்க வீட்டுல இருந்துதான். நான் கூட்டத்துல சொன்னது தப்பு."

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அது அவள் எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது செக்ரட்டரி செய்தது. அவர் அவள் பக்கம் குனிந்து, அதெல்லாம் நாம் உள்ளே வைத்துப் பேசிக்கொள்ளலாம் மேடம், நம்ம தெரு ஆளாச்சே நீங்க, வெளியாட்கள் முன்னால் எதற்கு என்றார். லாரிக்காரனைப் பார்த்து, நீ ஏற்றுப்பா என்று கையசைத்தார். நம்ம தெரு ஆள் என்பதால் தனக்குக் கிடைக்கிற இந்தச் சலுகை, ஒரு குடம் தண்ணீரைக்கூட இருட்டில் ஒளிந்து வந்து எடுக்கும் அந்தப் பெண்ணுக்கு இல்லை என்பதை அவள் தன் கண்ணாலேயே பார்த்தாள். மூஞ்சியில் அடித்த மாதிரி இருந்தது.

"ஏத்தாதீங்க," என்று லாரிக்காரனிடம் சொன்னாள். "சார், இவங்களை அனுப்பினா, கொசு எங்க வீட்டுலதான் இருந்துச்சுன்னு ஆபீஸ்ல எழுதிக் கொடுத்துட்டு, சுகாதார அதிகாரியை இங்கேயே கூட்டிட்டு வருவேன். அவர் முன்னால நீங்களே விளக்கம் சொல்லுங்க."

செக்ரட்டரிக்கு விளக்கம் சொல்கிற பழக்கமில்லை, கேட்கிற பழக்கம்தான். தொண்டையைச் செருமினார். சங்கத்தைக் கலந்துகொண்டு முடிவு சொல்வதாகச் சொன்னார். சங்கத்து ஆட்கள் எல்லாரும் அங்கேயே நின்றிருந்ததால், ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில், சரி, இருக்கட்டும் என்றார். மேஸ்திரி ஏற்றிய தகரத்தை இறக்கத் தொடங்கினார். புகையண்ணனும் போய் இன்னொரு முனையைப் பிடித்தார்.

மேஸ்திரியின் மனைவி மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். புழு மேடம் அவளிடம் போய் நின்றாள். என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்வது என்று தயாராகத்தான் போனாள். மாத்திரையை விடாமல் சாப்பிட வேண்டும் என்று மட்டும் சொல்ல முடிந்தது. அந்தப் பெண் தலையாட்டினாள். பிறகு தயங்கித் தயங்கி, மேடம் ஒன்று கேட்கலாமா என்றாள்.

"அப்போ இனிமே ஐயா கிணத்துல தண்ணி எடுக்கக் கூடாதுங்களா?"

கோபம் இல்லை அந்தக் குரலில். கோபம் இருந்திருந்தால் தேவலை.

"எடுக்கலாம்," என்றாள். "எடுக்கலாம்மா. இன்னைக்கே குடிதண்ணியில போடற மருந்தைப் போட்டு, வலையும் கட்டிடறேன். நாளையிலேருந்து பகல்ல வா. கொல்லை வழியா வேண்டாம், முன்வாசல் வழியா வா."